புகாரில் நான் சேர்த்த இன்னொரு பெயர்

என் மாப்பிள்ளை, தொண்டை கிழிய வாதாடிவிட்டு வந்து என் டீயையும் பிடுங்கிக் குடிக்கும் குணாவுக்கு,

கோபப்படாமல் கேள். உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். தனியாகச் சொன்னால் மழுப்பிவிடுவேன். என் மழுப்பல் உனக்குத் தெரியாததா?

படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் சட்டக் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அப்புறம் என் தங்கை மல்லிகாவைக் கட்டினாய். ஏற்காடு கடைவீதியில் ஒரே அறை, இரண்டு மேஜை. ஊரார் முன்னால் “வாங்க மாப்ள”, “சொல்லுங்க மச்சான்”. கதவைச் சாத்திவிட்டால் வாடா, போடாதான்.

வெள்ளக்கடை கிராமத்துப் பழனியம்மாவின் வழக்கை எடுக்காதே என்று தலையால் அடித்துக்கொண்டேன். அப்பன் விட்டுப்போன காப்பித் தோட்டத்தில் மகளுக்கும் பங்கு வேண்டும் என்ற பாகப்பிரிவினை வழக்கு. சட்டம் அவள் பக்கம். அவள் தம்பி முருகேசன்கூட அக்காவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் சொன்னான். ஆனால் அண்ணன் ராஜமாணிக்கம் நோட்டீஸ் கொண்டுபோன தபால்காரரையே கன்னத்தில் அறைந்தவன். “ஒரு சிவில் கேஸுக்கு எவன்டா வெட்ட வருவான்?” என்று நீ சிரித்தாய்.

வந்தான்.

காலை எட்டு மணி, நல்ல பனி. சேலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ராஜமாணிக்கம் காப்பிச் செடியில் கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியோடு வந்தான். “எங்க ஊட்டுப் பொம்பளைய கோர்ட்டு ஏத்துவியாடா?” என்று கத்திக்கொண்டே முதல் வெட்டை உன் தோளில் இறக்கினான். நீ கேஸ் கட்டைத் தூக்கித் தடுத்தாய். இரண்டாவது வெட்டில் கட்டும் மணிக்கட்டும் சேர்ந்து பிளந்தன. மூன்றாவது வயிற்றில். காகிதமெல்லாம் ரோட்டில் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டது. நாலாவதாக உன் தலைக்கு ஓங்கியபோதுதான் முருகேசன் பின்னாலிருந்து ஓடிவந்தான். “அண்ணா, வேண்டாண்ணா!” என்று அலறிக்கொண்டே கத்தியின் அலகை வெறுங்கையால் பிடித்தான். ராஜமாணிக்கம் கத்தியை வெடுக்கென்று இழுத்தான். முருகேசனின் இரண்டு விரல்கள் கீழே விழுந்தன.

நான் என்ன செய்தேன்? நின்றிருந்த ஜீப்புக்குப் பின்னால் ஓடிக் குனிந்து உட்கார்ந்துகொண்டேன். மாப்பிள்ளை, நான் உன்னைவிட உயரம், உன்னைவிட எடை. கையில் குடை வேறு இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

ராஜமாணிக்கம் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிய பிறகுதான் எழுந்தேன். அதே ஜீப்பில் உன்னைப் போட்டுக்கொண்டு மலையிறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உன் வயிற்றை என் கோட்டால் அழுத்திப் பிடித்தேன். எதிர் சீட்டில் முருகேசன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதான். பாதி மலையில் நீ கண்ணைத் திறந்து, “அந்த முருகேசன் கைய நல்லாக் கட்டியுடுடா” என்றாய். அப்புறம் பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் உன் கண்ணை மூடினார்.

அன்று மத்தியானம் ஸ்டேஷனில் புகார் எழுத உட்கார்ந்தேன். நம் பக்கத்துப் பழக்கம் உனக்குத் தெரியும். ஒருவன் அடித்தால் அவன் அண்ணன், தம்பி, மாமன் எல்லோரையும் புகாரில் சேர்த்து எழுதுவது. குடும்பத்தோடு உள்ளே போனால்தான் அடங்குவார்கள் என்று நம் கட்சிக்காரர்கள் வழக்கோடு வந்து நிற்பார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களின் காகிதத்தை நீ ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறாய். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், எத்தனையோ தடவை.

உன் புகாரிலும் எழுதினேன். “முருகேசன் பின்னாலிருந்து குணசேகரனின் இரு கைகளையும் பிடித்துக்கொள்ள, ராஜமாணிக்கம் வெட்டினான்.” ஆத்திரத்தில் எழுதியது என்று ஊர் நினைக்கிறது. ஆத்திரமெல்லாம் இல்லை. வந்தவன் ஒருத்தன் என்றால், “நீ அங்க என்ன பண்ணீட்டிருந்த?” என்று மல்லிகா கேட்பாள். இரண்டு பேர் என்றால் கேட்க மாட்டாள். அவ்வளவுதான். என் மானத்துக்காக, உன்னைக் காப்பாற்ற வந்தவனைக் கொலைகாரன் ஆக்கினேன். கையில் கட்டுப் போட்டிருந்தவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே கூட்டிப்போனார்கள்.

அவன் மனைவி ஒருநாள் நம் அறைக்கு வந்து என் காலைப் பிடித்தாள். “ஏனுங்க வக்கீலய்யா, உங்க கண்ணால பாத்தீங்கல்லோ? உள்ளதச் சொல்லுங்க சாமி” என்று கதறினாள். காலை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டேன். நீ இருந்திருந்தால் என்னை அங்கேயே அறைந்திருப்பாய்.

நீ போன பிறகு நம் தொழில் எப்படி இருக்கிறது தெரியுமா? எல்லா மனுவையும் கம்ப்யூட்டரில் தாக்கல் செய்யச் சொல்கிறார்கள். மலையில் சிக்னல் கிடைக்காமல் நான் போனைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் அலைகிறேன். நமக்குத் தூக்கத்திலும் வரும் குற்றப் பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. ஜீவனாம்சக் கேஸில் புருஷனும் பெண்டாட்டியும் வாட்ஸ்அப்பைக் காட்டிச் சண்டை போடுகிறார்கள், அதற்குச் சான்றிதழ் எங்கே என்று கோர்ட்டு கேட்கிறது. உன் கேஸிலும் இப்படி ஒரு மெஷின் சாட்சி இருந்தது. பஸ் ஸ்டாப்புக்கு எதிர் லாட்ஜ் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்ததாம். எடுத்து வைக்க ஆளில்லாமல் பழைய பதிவு அழிந்துவிட்டது. அழியட்டும் என்று நான்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதில் ஜீப்புக்குப் பின்னால் குனிந்திருந்தவனும் தெரிந்திருப்பானே!

வக்கீலை வெட்டியவனுக்கு எந்த வக்கீலும் ஆஜராகக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். இப்படிப்பட்ட தீர்மானத்தை எதிர்த்து நீ ஒருமுறை மைக்கைப் பிடுங்கிச் சண்டை போட்டாய். இந்தத் தடவை உனக்காகவே போட்டார்கள், நான் முதல் கையெழுத்து. கடைசியில் இலவச சட்ட உதவியில் இரண்டு பேரைக் கோர்ட்டே நியமித்தது. முருகேசனுக்கு வந்தவள் நிர்மலா என்ற சின்னப் பெண். அவள் ஸ்கூட்டரை அடித்து நொறுக்கினார்கள். வராந்தாவில் ஒருவன் அவள் வக்கீல் கவுனைப் பிடித்து இழுத்ததில் கீழே விழுந்து நெற்றி உடைந்தது. நம் சங்கத்து ஆட்கள்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதுதானே பழக்கம்.

நெற்றியில் பிளாஸ்திரியோடு அன்றே என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். டீக்கடைக்காரர், ஜீப் டிரைவர் எல்லோரும் “பனியில ஒண்ணுந் தெரியலீங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மிச்சம் நான் ஒருத்தன்தான்.

“சார், முருகேசன் பின்னால நின்னு கையப் புடிச்சிருந்தாருன்னு எழுதியிருக்கீங்க. அப்ப அவரோட உள்ளங்கை கிழிஞ்சு ரெண்டு வெரலு எப்படிங்க சார் போச்சு?”

பதில் தயாராக வைத்திருந்தேன். கத்தி வழுக்கி அவன் கையிலும் பட்டது என்று சொல்ல வேண்டும். எத்தனையோ சாட்சிகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பதில். வாயைத் திறந்தேன். முருகேசன் கூண்டில் அந்தக் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நின்றான். வெட்டுப்பட்டவன் எதற்கு வெட்கப்பட வேண்டும்? “அவன் புடிக்கல. தடுத்தான். நான் பொய் எழுதிட்டேன். நான் ஒளிஞ்சிட்டேன்” என்று சொல்லிவிட்டேன். ஜீப்பில் நீ சொன்னதையும் சொன்னேன்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். நான் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். கேட்டாயா மாப்பிள்ளை, உன் கொலை வழக்கில் நான் பிறழ் சாட்சி! வெளியே வந்ததும் மல்லிகா செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தாள். எண்ணவில்லை. கை ஓயும்வரை அடித்தாள், ஒருவரும் தடுக்கவில்லை.

போன வாரம் தீர்ப்பு வந்தது. முருகேசன் விடுதலை. ராஜமாணிக்கத்தின் வக்கீல், ஒருவனைப் பற்றிப் பொய் சொன்ன சாட்சியை இன்னொருவனைப் பற்றி எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனையும் விட்டுவிட்டார்கள். உண்மையைக் கையால் பிடித்துப் பார்த்தவன் முருகேசன். அவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும். நான்தான் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேனே.

ராஜமாணிக்கம் மாலையோடு ஜீப்பில் வந்து இறங்கினான். நம் அறை வாசலில் காறித் துப்பினான். “அடுத்து பழனியம்மாதான்” என்று கடைவீதி கேட்கச் சொன்னான். நான் நேராக இரும்புக் கடைக்குப் போய்க் கவாத்துக் கத்தி ஒன்று வாங்கினேன். கவுன் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்று நாள் அவன் பின்னாலேயே திரிந்தேன். எங்கே முதலில் வெட்டுவது என்றுகூட யோசித்துவைத்திருந்தேன். தோளில்தான்.

நேற்று மல்லிகா அறைக்கு வந்தாள். செருப்படிக்குப் பிறகு முதல் தடவை. உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பையில் கைவிட்டுக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எப்படித் தெரிந்துகொண்டாள் என்று கேட்கவில்லை, ஊரே பார்த்திருக்கும்.

“அன்னைக்கு ஓடி ஒளிஞ்சவன் இன்னைக்கு வெட்டப் போறியாண்ணா?”

நான் ஒரு கேஸ் கட்டை இழுத்துக் கத்திமேல் வைத்து மறைத்தேன்.

“உனக்கு வெட்டத் தெரியாது. எழுதத்தான் தெரியும். அப்பீல் எழுது, நான் கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு பேரு மட்டும் எழுது” என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

சாயங்காலம் முருகேசன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்று மறுவிசாரணை கேட்கப்போவதைச் சொன்னேன். “உங்க மூஞ்சில முழிக்கவே எனக்கு இஷ்டமில்லீங்க” என்றான். “எங்கண்ணன் எம்பொண்டாட்டி புள்ளையையும் சும்மா உட மாட்டான். ஆனா அந்தக் குணா வக்கீல் சாகறப்பவும் என்ற கையப் பத்தித்தான சொன்னாரு. வர்றனுங்க. வந்து சொல்றனுங்க.” கதவைச் சாத்திக்கொண்டான்.

மாப்பிள்ளை, மேல்முறையீட்டு மனு எழுதி முடித்துவிட்டேன். அதில் ராஜமாணிக்கத்தின் பெயர் மட்டும்தான். முதல் பத்தியிலேயே என் பொய்யை எழுதியிருக்கிறேன். பொய்ப் புகார், பொய்ச் சாட்சி என்று என்மேல் வழக்கு வரும், கவுனும் போகும். சங்கத்தில் எனக்கு ஆஜராக ஆள் கிடைக்காது. வெட்கத்தை விட்டு நிர்மலாவிடம் கேட்டேன். “வரேன் சார். ஆனா நான் சொல்றத மட்டுந்தான் கோர்ட்ல பேசோணும்” என்றாள். உனக்குச் சிரிப்பு வருகிறதா?

பழனியம்மாவின் வழக்கு திங்கட்கிழமை வாய்தா. அவள் பயந்து வாபஸ் வாங்கக் கேட்டாள். கவுன் என் தோளில் இருக்கும்வரை அதை நான் நடத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு காலை எட்டு மணி பஸ்ஸுக்கு நிற்கப்போகிறேன். ராஜமாணிக்கம் வருவான். வரட்டும். எனக்குப் பயம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு முன்னால்தான் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை வெட்ட விட்டு ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்த உன் மச்சான்,
தங்கவேல்