படத்தில் விழாத குரல்

என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு மாட்டிய அருமை மச்சான் ஏழுமலைக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நேற்று சூரிய கிரகணம். பார்க்கக் கண்ணாடி கிடைக்காமல் உன் மண்டை ஸ்கேன் பிலிமை எடுத்துக்கொண்டு போனேன். தேவனாம்பட்டினமே வரிசையில் நின்று உன் மூளை வழியாகப் பார்த்தது. நீ இருந்தபோது உனக்கு இவ்வளவு கூட்டம் கூடியதில்லை.

நினைவிருக்கிறதா? சுனாமிக்குப் பிறகு உன் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். சிதம்பரத்தில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா பிலிமை வெளிச்சத்தில் வைத்துச் சொன்னார்: "கட்டி இல்ல, ரத்தக்கசிவு இல்ல. இது அவ்ளோதான் காட்டும். இவருக்கு இருக்குற நோய் படத்துல தெரியாது. மாத்திரைய நிறுத்திடாதீங்க."

பஸ் கடலூர் வருவதற்குள் அவர் சொன்னதில் முதல் பாதிதான் எங்களிடம் மிச்சம் இருந்தது. தெருவில் ஆளாளுக்குப் பிலிமைத் தூக்கிப் பார்த்தார்கள். "தல சுத்தமா இருக்குது. கடலுக்குப் போவ பயம், நடிக்கிறான்" என்றார்கள்.

நீ என்னிடம் கேட்டாய்: "படத்துல இல்லன்னா அந்தக் கொரலு எங்கதான்டா மச்சான் இருக்குது?"

"என் தங்கச்சி வாயில" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

அன்றோடு மாத்திரையை நிறுத்தினாய். அடுத்த மழைக்காலத்தில் உன்னைக் கரையில் கண்டெடுத்தோம். கடைசியாக அந்தக் குரல் உன்னிடம் என்னதான் சொன்னது மச்சான்?

படத்தைக் குறை சொல்லவில்லை. பேய் பிடித்ததென்று வேப்பிலை அடித்தோமே, எதிர்வீட்டு ராணி அக்கா, அவள் மண்டைக்குள் இருந்த கட்டியை ஸ்கேன்தான் காட்டிக் கொடுத்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது என்னை அதட்டுகிறாள்.

ஆனால் உன் மகள் செல்வி சுவரோடு பேசுகிறாள். அவளுக்கும் ஸ்கேன் சுத்தம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "மாமா, நானும் நடிக்கிறேன்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். எனக்குக் கிண்டல் வரவில்லை.

அதனால்தான் நேற்று கூட்டத்தின் நடுவில் கேட்டேன்: "நல்லா பாருங்க. இதுல சூரியனே தெரியுது. எங்க மச்சான் கேட்ட கொரலு தெரியுதா?"

பிலிமைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே இறக்கினார்.

செல்வி மாத்திரையை நிறுத்த விடமாட்டேன். படத்தைக் காட்டி அவளை யாரும் பொய்க்காரி என்று சொல்லவும் விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

நேற்று கூட்டத்தில் பேசி முடித்துக் கம்பீரமாகப் பின்னால் நகர்ந்தேன். அங்கே நண்டுக் கூடை இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். நண்டுகள் உயிரோடு இருந்தன. இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன்.

உன் மகளுக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
கலியன்