டாக்டரிடம் சொல்லாத ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள உங்களுக்கு,

இந்த ராத்திரி நேரத்தில் வாட்ஸ்அப்பில் எழுதுவதற்கு மன்னியுங்கள். போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

பிறந்ததும் அழாத நம் பாப்பா இன்னும் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில்தான் இருக்கிறாள். நீங்கள் திண்டிவனத்தில் இருக்க, கண்ணாடிக்கு வெளியே நாலு நாளாக நான் மட்டும். மூச்சுத் திணறியதில் மூளை பாதித்திருக்கிறது, எவ்வளவு தேறுவாள் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"பனிக்குடம் எப்பம்மா உடைஞ்சிது? நேரம் சரியா தெரிஞ்சாதான் வைத்தியத்துக்குத் தோது" என்று டாக்டர் இன்றும் கேட்டார். "கிளம்பறப்பதான் சார்" என்றேன்.

அன்று திண்டிவனம் வீட்டில் பனிக்குடம் உடைந்ததுமே கிளம்பினோம்; அத்தை, "ராகு காலத்துல வாசப்படி தாண்டாதம்மா, செத்த இரு" என்றார்கள். நீங்கள் கார் சாவியைக் கீழே வைத்தீர்கள். படித்த நானும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அப்போது நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். வருவீர்களா? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா