சனிக்கிழமை உடுமலை பஸ்

பல்லடம்,
24.8.2008

அன்புக் கண்ணு கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜெர்மனிக் காற்றும் சாப்பாடும் உனக்கு ஒத்துப்போகிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், நீ ஆனியில் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் ஆராய்ச்சியை எனக்காகத் தமிழில் எழுதியிருந்தாயே, அதுதான். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நான் கோயம்புத்தூரில் விலங்கியல் படித்த காலத்தில், வளர்ந்தவர்கள் மூளையில் புது நரம்பணு பிறக்காது என்று பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கினேன். நீயோ, வளர்ந்த மூளையிலும் ஞாபகத்துக்கான ஓரிடத்தில் பிறக்கிறது என்கிறாய். கிருமி வந்தால் கண்டுபிடிக்கிற ஏற்பிகளைக் அப்பாவின் பனியன் கம்பெனி கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். அவை உள்ளே அந்தப் புது அணுக்களின் மேலும் இருக்கின்றனவாம். புதிதாக வருகிறவரை டெய்லராக்குவதா ஹெல்பராகவே விடுவதா என்பதில் வாட்ச்மேனுக்கும் பேச்சு உண்டு என்று ஆகிறது. இரண்டாம் நம்பர் ஏற்பி இல்லாத எலிக்கு நரம்பணு குறைவாகத் தேறுகிறது, நாலாம் நம்பர் இல்லாத எலிக்குக் கூடுதலாகத் தேறுகிறது, ஒன்று கைகொடுக்கிறது, ஒன்று தடுக்கிறது. கடைசியில், இது எலியில் பார்த்தது அம்மா, அப்பாவுக்கு மருந்து என்று நினைத்துக்கொள்ளாதே என்று அடிக்கோடு போட்டிருந்தாய். நினைக்கவில்லை கண்ணு. ஆனால் அடிக்கோட்டுக்கு மேலே உள்ளதைத்தான் அடிக்கடி படிக்கிறேன்.

போன வருஷம் அந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு அப்பாவுக்குப் புதிதாக எதுவும் தங்குவதில்லை. நீ ஓடிவந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் கூட இருந்ததும், அதன் பிறகு ஜெர்மனிக்குப் புறப்பட்டதும் தங்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ எங்கே என்று தினமும் கேட்பார். ஜெர்மனி என்றால், அன்றுதான் முதல்முறை கேட்பது போல, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அத்தன தூரம் போயிருச்சா பாப்பா என்று தட்டைத் தள்ளிவிட்டு அழுவார். பங்குனியில் ஒருநாள் பொறுக்க முடியாமல், நீ உடுமலையில் காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிறாய், சனிக்கிழமை வருவாய் என்று சொல்லிவிட்டேன். நிம்மதியாகச் சாப்பிட்டார். அதிலிருந்து தினமும் அதையேதான் சொல்கிறேன், அப்பாவின் கம்பெனியிலும் எல்லோரையும் அப்படியே சொல்லச் சொல்லிவைத்தேன். சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமையானால் உன் தலையணைக்கு உறை மாற்றி வைப்பேன். யாருக்காக என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

அப்பா இப்போது கட்டிங் மேசையில் நம்பர் ஒட்டுகிறார். அடுக்கி வெட்டிய துணியில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நம்பர், அதே நம்பர் உள்ள முன்பக்கத்தையும் கையையும் சேர்த்துத் தைத்தால்தான் பனியன் ஒரே நிறமாக இருக்கும். மாஸ்டராக இருந்து வெட்டியவர், இதைக் குறைவாக நினைக்காமல் செய்கிறார். நேற்று மூன்று மணிக்கு முதலாளி ஆறுமுகசாமி போன் செய்து, அம்மிணி, மாஸ்டரு பாதி அடுக்குல உட்டுப்போட்டு எங்கியோ போயிட்டாருங்க, ஊட்டுக்கு வந்தாருங்களா என்றார். கதவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற மருதாள்தான் கை காட்டினாள். ஏனுங்க்கா, உங்க ஊட்டுக்காரரு உடுமலை பஸ்ஸுல எறங்கறவங்க மூஞ்சியையெல்லாம் உத்துப் பாத்துட்டு நிக்கறாருங்க, செக்கருன்னு பயந்து ரெண்டு பேரு அந்தப் பக்கமா குதிச்சு ஓடிட்டானுங்க என்று சிரித்தாள். அப்பா என்னைப் பார்த்ததும், நீ எதுக்கு வெய்யில்ல வந்தே, பாப்பா உடுமலையில இருந்து வருதுல்ல, பெட்டி தூக்க நானொருத்தன் போதும் என்றார்.

அதிசயமாக நேற்றுக் காலை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை, கம்பெனியிலும் அந்தப் பேச்சு வரவில்லையாம். நீ ஒருநாளும் உடுமலையில் இருந்ததில்லை, அதனால் இது பழைய ஞாபகமாக இருக்க முடியாது. பதினான்கு மாதத்தில் அவருக்குள் புதிதாகத் தங்கிய முதல் விஷயம் இது. மருதாளின் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். ஆறு மணி வரை அவரைக் கிளப்ப முடியவில்லை. ஒவ்வொரு பஸ்ஸும் காலியானதும், அடுத்ததுல வரும் என்றார். மூன்றாவது பஸ்ஸும் காலியானபோதுதான் எனக்கு உறைத்தது, தங்கியிருப்பது நான் சொன்ன பொய். இன்று காலை அவர் எழுந்ததும், நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டேன். எங்கியும் போவலியே என்றார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத் தானாகவே, பாப்பா ஏன் வல்ல என்றார்.

படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று போன வாரம் போனில் சொன்னாய். வா என்று என் வாய்வரை வந்துவிட்டது, லைன் கட்டானது நல்லதாய்ப் போயிற்று. நீ வந்தால் அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதில்லை, உன் தலையைத் தொட்டுக்கொண்டு நானும் ஒருநாள் அசந்து தூங்குவேன். எத்தனை ஆசை என்று எழுதினால் நீ நாளைக்கே டிக்கெட் எடுப்பாய், அதனால் எழுதவில்லை. பாதியில் வராதே. சித்திரையில் லீவு கிடைக்கும் என்றாயே, அப்போது வா.

லேபிலிருந்து வந்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு, வெறும் ரொட்டியிலேயே பொழுதை ஓட்டாதே. வருகிற சனிக்கிழமை போன் செய்ய மறந்துவிடாதே, அப்பாவிடம் முதலில் பேசு. அங்காளம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், எடுத்த காரியம் குறையில்லாமல் முடியட்டும். அப்பாவுக்குள் ஒன்று தங்கியதை ஆறுமுகசாமியிடமோ வேறு யாரிடமோ இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நாளைக் காலையில் அப்பாவிடம், பாப்பா ஜெர்மனியில் இருக்கிறது, சனிக்கிழமை வராது என்று சொல்லப்போகிறேன். அழுவார். கூடவே உட்கார்ந்திருப்பேன். மறுநாளும் சொல்வேன், அதற்கு மறுநாளும் சொல்வேன், அது அவருக்குள் தங்குகிற வரைக்கும்.

உன் அம்மா,
விஜயகுமாரி