மேனிஃபோல்டைத் தேட வேண்டாம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டை உதயகுமார் நேற்று கழற்றி வைத்தார். உள்பக்கத்தைத் தேய்த்து அகலப்படுத்தினால் இழுவை கூடும் என்றார்.

"கல்யாணமான புதுசுல நாம சுத்தின வண்டிங்க. அப்படியே இருக்கட்டும்," என்றாள் மனைவி காவேரி.

"வண்டின்னா ஓடணும்மா. பூட்டி வெச்சு கும்பிடவா?" என்றார். அதோடு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் அவர் பால் வாங்கப் போயிருந்தபோது, காவேரி காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்.

"இட்லி ஹாட்பாக்ஸுல இருக்குது. புடவை வாங்க ஆள் வந்தா பீரோவுல விக்க வெச்சிருக்கிற ரெண்டையும் குடுத்துடுங்க. மேனிஃபோல்டைத் தேடாதீங்க, நான் எடுத்துக்கினு போறேன்."

பேனா நின்றது. தென்னேரி ஏரிக்கரையில் அந்தக் கார் பறந்ததும், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேகமா!" என்று தான் கத்தியதும் நினைவுக்கு வந்தன. இப்போது அதே கார் சின்ன மேட்டுக்கே திணறுகிறது. மறுபடி எழுதினாள்.

"ஒளிச்சு வைக்கல. வாலாஜாபாத் பட்டறைல தேய்க்கத்தான் குடுக்கப் போறேன். ஓட்டை அளவு பார்க்க, அதுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வெக்கிற கேஸ்கெட்டும் எடுத்துக்கினேன், நீங்கன்னா மறந்திருப்பீங்க. கோவம் இன்னும் போகல."

கையெழுத்துக்குக் கீழே இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"இருபத்தஞ்சு வருஷமா ஸ்டியரிங்கைத் தொட விடல. வேலை முடிஞ்சதும் முதல்ல நான்தான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காந்து கத்துங்க."