சந்தனம் காயாத பெட்டி

பாவா,

நேற்று உன் மகளுடைய கம்ப்யூட்டரில் ‘நைனா’ என்று எழுதியிருந்ததை நானே வாசித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வயதில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற எழுத்து. மகிழ்ச்சி தாளாமல் மறுபடியும் உரக்கப் படித்தேன்.

"ஆங், நைனாவோட ஸ்பீக்கர் பெட்டிதான் மாமா அது" என்று திரையில் அந்தப் பெயரைத் தட்டினாள். சென்னையில் எவனோ வாசித்த கிதார், உன் பெட்டியின் குரலில் வந்தது.

நீ கிதார் வாசிக்க, நான் பெட்டி தூக்க, கனகம்மாசத்திரம், ஆர்.கே.பேட்டை என்று எத்தனை மேடைகள். ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பெட்டியின் மரத்தில் பொட்டு வைப்பார்கள். நீ முன்துணியைக் கழற்றி, ஸ்பீக்கரில் அதிரும் காகிதத்திலேயே சந்தனம் பூசுவாய். "பாடற வாய்க்குதான்யா பூசணும்" என்பாய். வருடா வருடம் சந்தனம் ஏறி ஏறி, வேறெந்தப் பெட்டிக்கும் இல்லாத கனத்த குரல் அதற்கு வந்தது.

பிறகு வாதத்தில் உன் இடது கை விழுந்தது. பெட்டியின் காகிதமும் விளிம்பில் கிழியத் தொடங்கியது. அது முழுக்கப் போவதற்குள் குரலைப் பிடித்து வைக்கிறேன் என்று, ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்த உன் மகள் சென்னையிலிருந்து மைக்கோடு வந்தாள். அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஒரு ஊளைச் சத்தத்தைப் பெட்டிக்குள் அனுப்புவாளாம். பெட்டி அதை எப்படித் திருப்பிச் சொல்கிறது என்று கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுமாம். அப்புறம் யார் வாசித்தாலும் உன் பெட்டியில் வாசித்த மாதிரி கேட்குமாம்.

நல்ல காரியம் என்று நீ காலையிலேயே புதுச் சந்தனத்தைக் கெட்டியாகப் பூசிவிட்டாய். மைக்கைச் சரிபார்க்க அவள் மெதுவாக ஒருமுறை ஊளையை அனுப்பிப் பதிந்தாள். முகம் மாறியது.

"இன்னா நைனா, ஈரமா பூசி வெச்சிகினு கீற? வாய்ல துணி வெச்ச மாதிரி வருது. காயட்டும், அப்பால எடுக்கலாம்."

"சாமி காரியம் பாப்பா."

"சாமி மன்னிச்சிரும், மைக்கு மன்னிக்காது."

காய்வதற்கு ஃபேன் போட்டோம். கரண்ட் போனது. அவள் டீ வாங்கக் கிளம்பினாள். நீ கிதாரை மடியில் சாய்த்தாய்.

"பாவா, இடது கை நீ. சொல்ற எடத்துல அமுக்கு."

என் தடித்த விரல்கள் அதுவரை கம்பியைத் தொட்டதில்லை.

"அங்க இல்லயா, இன்னும் கீழ. பெட்டி தூக்கற மாதிரி புடிக்காத."

மூன்றே இடங்கள். நீ வலது கையால் மீட்ட, மேடையில் நீ முதலில் வாசிக்கும் மெட்டு, பெட்டி இல்லாமல் கொசுக் குரலில் தடுக்கித் தடுக்கி வந்தது. இருவரும் சிரித்தோம்.

கரண்ட் வந்தபோது சந்தனம் காய்ந்திருந்தது. இந்த முறை முழுச் சத்தத்தில் வைத்தாள். ஊளை ஏறத் தொடங்கியதுமே காகிதம் குறுக்காகக் கிழிந்தது. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். புதுக் காகிதம் போட்டால் வேறு குரல்தான் வரும் என்றாள். மிஞ்சியது ஈரத்தோடு எடுத்தது மட்டும். அடுத்த மழைக்குள் நீயும் போய்விட்டாய்.

நேற்று அவளிடம் கேட்டேன். "இத்த காய வெக்க முடியுமா பாப்பா?"

"சத்தத்துக்கு கொஞ்சம் கூர் ஏத்தலாம் மாமா. காஞ்ச மாதிரி ஆவாது."

"நைனா வாசிச்சது எதுனா ரெகார்டு ஆயி கீதா?"

இல்லை என்று தலையசைத்தாள். பெட்டியைப் பிடித்த நாங்கள் உன்னைப் பிடித்து வைக்கவில்லை, பாவா. பிடிக்க நினைத்தபோது உன் கை போயிருந்தது.

அவளுடைய கிதாரைக் கேட்டு வாங்கி மடியில் வைத்தேன். இடது விரல்கள் அந்த மூன்று இடங்களுக்கும் தாமாகவே போயின. "மீட்டு மாமா" என்றாள். வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கு வலது கையாக இருந்தது நீ.