கீழே கிடந்த கேள்வி

நவம்பர் 11, செவ்வாய்.

கல்லூரியில் எங்கள் துறைக் கணினி பழுது. அதனால் என் கிராஃபிங் கால்குலேட்டரிலேயே ஒரு நிரல் எழுதி, நாளைய தேர்வை யார் யார் எழுதலாம் என்று பட்டியல் எடுத்தேன். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு, மதியமே பலகையில் ஒட்டியாயிற்று.

மூன்று மணிக்கு என் மாணவி நூர்ஜஹான் வந்து நின்றாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"சார், காய்ச்சல்னு டாக்டர் சீட்டு குடுத்தேம்லா?"

"அதையும் கணக்குல சேத்தாச்சும்மா. வருகை பத்தல."

அவள் திரும்பிப் போனாள். பக்கத்து மேசை சாமுவேல் சிரித்தார். "என்னவே, உம்ம மெஷினு டாக்டரையே நம்ப மாட்டேங்குதோ?"

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்தேன். வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைவா என்பது முதல் கேள்வி. ஆம் என்றால் நேராக 'அனுமதி இல்லை'க்குத் தாவிவிடுகிறது. மருத்துவச் சான்று உண்டா என்ற கேள்வி அதற்குக் கீழே கிடக்கிறது. அது தேவைப்படுகிறவர் யாரும் அந்த வரிக்குப் போய்ச் சேரவே முடியாது. சீட்டு கொடுத்தவள் இவள் ஒருத்திதான். இரண்டு கேள்விகளையும் இடம் மாற்றினேன். அவள் பெயருக்கு 'அனுமதி' என்றது. அரை நொடிகூட ஆகவில்லை.

மேலப்பாளையத்தில் அவள் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

"அழுதுட்டுப் படுத்திருக்கா சார். புத்தகத்தத் தொடவே மாட்டேங்கா."

"எழுப்புங்கம்மா. தப்பு என்னோடது. நாளைக்கு அவ பரீட்சை எழுதுதா. படிக்கச் சொல்லுங்க."

தேர்வு பத்து மணிக்கு. முதல்வரிடம் நான் இன்னும் பேசவில்லை. பட்டியலை நீட்டியபோது, சரிபார்த்தீர்களா என்று கேட்டார். சரிபார்த்தேன் என்றுதான் சொன்னேன்.