கோட்டை மாதிரி ஒரு வால்வு

அமலாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து ஜெயராமன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? தமிழினி வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

வீடியோவில் நான் வலது கையைக் காட்டாததைக் கண்டுபிடித்துவிட்டாய். சொல்லிவிடுகிறேன். ஒரு டர்போ காரில், ஆக்சிலேட்டரை விட்டதும் காற்றைத் திருப்பிவிடும் வால்வு கிழிந்துபோனது. "நீயே பார்த்துப் போடு" என்றார் முதலாளி. பதினோரு வருஷத்தில் அவர் என்னை நம்பி விட்டது இதுதான் முதல் தடவை. பழையபடி ரப்பர் வால்வே போதும். நான் உறுதியாக இருக்கட்டும் என்று மெட்டல் வால்வை எடுத்தேன்.

"இன்னாண்ணா, காருக்குச் செஞ்சிக் கோட்டை கட்டுறியா?" என்றான் கூட வேலை செய்யும் அவலூர்பேட்டை எழிலரசன். நான் கேட்கவில்லை. மெட்டல் வால்வின் ஸ்பிரிங் விறைப்பாக இருந்ததால் கார் திணறித் திணறித் திரும்பி வந்தது. அவமானத்தில் இஞ்சின் ஆறுவதற்குள் கழற்றி, விரல்களைச் சுட்டுக்கொண்டேன். இது இடது கை எழுத்து. வலது கையிலும் இதே அழகுதான் என்பாய்.

ரப்பர் வால்வு போட்டதும் கார் ஒழுங்காகப் போய்விட்டது. கை ஆறும்வரை வேலைக்குப் போகாத நாட்களை முதலாளி என் ஜூன் லீவில் கழித்துவிட்டார். காலேஜில் சேர்க்க நைனா வருவேன் என்று தமிழினியிடம் சொல்லியிருந்தேன். நீதான் கூட்டிப்போக வேண்டும்.

அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு, ஷூ வாங்கி அனுப்புகிறேன். உன் பாதத்தையும் வரை. வாங்கிய பிறகும் அந்தத் தாள்கள் என்னிடமே இருக்கட்டும்.

தபாலில் சேர்க்க எழிலரசன் வாசலில் நிற்கிறான்.

ஜெயராமன்